ஊரின் விருப்பம் எது?

ஊரோடு ஒத்துப் போக வேண்டும் என்று பெரியோர் நமக்குப் புத்தி சொல்லியிருக்கின்றனர். நல்ல புத்திதான். ஆனால் ஊர் எந்தத் திசையில் போகிறது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டுமன்றோ? பத்துப் பேர் பத்து விதமாக நினைக்கும் இடத்தில், 'இதுவே ஊரின் விருப்பம்' என்று ஒன்றைச் சுட்டிக் காட்டுவது எப்படி? 'கையைத் தூக்கச் சொல்லி எண்ணிப் பார்த்தால் தீர்ந்தது' என்று சட்டென்று விடை கூறுவோர் பலர். ஜனநாயகம் என்னும் பெரிய மாளிகையே அந்த எண்ணிக்கையின் மேல்தானே எழுப்பப்பட்டிருக்கிறது?

அந்த எண்ணிக்கையில் ஒரு விசித்திரமான சிக்கல் ஒளிந்து கிடக்கிறது. அதை 1785-ம் வருஷத்தில் பிரெஞ்சு தேசத்து அறிஞர் ஒருவர் வெளியிட்டார். எந்தச் சட்டம் செய்தாலும் அச்சிக்கலை முற்றிலும் நீக்க முடியாது என்பதை 1951-ல் ஓர் அமெரிக்க இளைஞர் கணித முறையில் நிரூபித்தார். அதிலிருந்து வெளியேறும் வழி எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை நம் வங்காளத்தில் பிறந்த ஓர் அறிஞர் காட்டினார். பொருளாதார சாஸ்திரத்தின் ஒரு மூலையில் நடந்த விவாதம்போல் இது தோன்றலாம். ஆனால் வாக்குச் சீட்டு, ஊர்ப் பணம், பட்டினி ஆகிய மூன்றும் இதில் அடங்கியிருக்கின்றன. ஆகையால் நம் வீட்டுக் கூடத்திலும் உட்கார்ந்து பேசத் தக்க விஷயமே இது.

மாவா, பலாவா, வாழையா?

ஊரைப் பற்றிப் பேசுமுன் ஒரு தனி மனிதனை எடுத்துக்கொள்வோம். பொருளாதார நிபுணர்கள் ஒருவனைப் பகுத்தறிந்து தேர்பவன் என்று எப்போது சொல்கிறார்கள்? அவனுடைய ருசி உயர்ந்ததா தாழ்ந்ததா என்று அவர்கள் கேட்பதில்லை. மாம்பழம் பிடிக்குமா, பலாச்சுளை பிடிக்குமா என்பது அவனவன் நாவைப் பொறுத்தது. அவர்கள் முதலில் கேட்பது ஒன்றே: அவன் விருப்பங்கள் தமக்குள் முரண்படாமல் இருக்கின்றனவா? பலாவைவிட மா மேல், வாழையைவிடப் பலா மேல் என்று சொல்லுகிறவன், வாழையைவிட மா மேல் என்றும் சொல்லியே தீர வேண்டும்.

சொல்லாவிட்டால் என்ன நேரும்? 'மாவைவிட வாழையே மேல்' என்று அவன் சாதிக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அவன் கையில் ஒரு வாழைப்பழம் இருக்கிறது. சாமர்த்தியசாலியான பழக்கடைக்காரர் ஒருவர், 'வாழைப்பழத்தோடு ஒரு ரூபாய் கொடுங்கள். பலாச்சுளை தருகிறேன்' என்கிறார். வாழையைவிடப் பலா மேலாயிற்றே, கொடுக்கிறான். 'இன்னும் ஒரு ரூபாய் கொடுத்தால் பலாவுக்குப் பதில் மாம்பழம்.' அதற்கும் இசைகிறான். 'மற்றும் ஒரு ரூபாய் கொடுத்தால் மாம்பழத்துக்குப் பதில் வாழைப்பழம்.' அதற்கும் தலையை ஆட்டுகிறான். முடிவில் மூன்று ரூபாய் போயிற்று. கையில் இருப்பதோ பழைய வாழைப்பழம்! இப்படிச் சுற்றிச் சுற்றி வருகிறவனை உலகம் அசடன் என்றே சொல்லும்.

நல்ல வேளையாக நம்மில் பெரும்பாலோர் இத்தகைய அசடர் அல்லர். ஆனால் புத்திசாலிகளான மூவர் ஒன்றுகூடி ஒரு காரியத்தைத் தீர்மானிக்க முற்படும்பொழுது, அந்த மூவரும் சேர்ந்த சபை இந்த அசடனைப் போலவே நடந்துகொள்ளக் கூடும். அதுதான் வியப்பு.

மூன்று தெருக்களின் வழக்கு

ஓர் ஊரில் வடக்குத் தெரு, கிழக்குத் தெரு, தெற்குத் தெரு என மூன்று தெருக்கள் உள்ளன. ஊர்ச் சபையில் தெருவுக்கு ஓர் அங்கத்தினர். பொதுப் பணத்தைக் கொண்டு இந்த வருஷம் ஒரே ஒரு வேலைதான் செய்ய முடியும். குடிதண்ணீர்க் கிணறு வெட்டலாம். பள்ளிக்கூடத்துக்குக் கட்டடம் எழுப்பலாம். அல்லது சந்தைக்குச் சாலை போடலாம். வடக்குத் தெருவாருக்குக் கிணறு முதலாவது, பள்ளிக்கூடம் இரண்டாவது, சாலை மூன்றாவது. கிழக்குத் தெருவாருக்குப் பள்ளிக்கூடம், சாலை, கிணறு என்பது வரிசை. தெற்குத் தெருவாருக்குச் சாலை, கிணறு, பள்ளிக்கூடம் என்பது வரிசை.

ஒவ்வொருவர் வரிசையிலும் ஒரு குற்றமும் இல்லை. இப்பொழுது இரண்டிரண்டாக எடுத்து வாக்கெடுப்பு நடத்துவோம். கிணறா, பள்ளிக்கூடமா என்று கேட்டால், வடக்கும் தெற்கும் கிணற்றுக்குக் கை தூக்குகின்றன, கிணறு ஜயிக்கிறது. பள்ளிக்கூடமா, சாலையா என்று கேட்டால், வடக்கும் கிழக்கும் பள்ளிக்கூடத்துக்குக் கை தூக்குகின்றன; பள்ளிக்கூடம் ஜயிக்கிறது. அப்படியானால் எல்லாவற்றிலும் மேலானது கிணறே என்று முடிவு கட்டிவிடலாமா? சற்றுப் பொறுங்கள். கிணறா, சாலையா என்று கேட்டுப் பாருங்கள். கிழக்கும் தெற்கும் சாலைக்கே கை தூக்குகின்றன! பள்ளிக்கூடத்தைக் கிணறு வென்றது. சாலையைப் பள்ளிக்கூடம் வென்றது. கிணற்றையோ சாலை வென்றுவிட்டது. மூவரில் ஒருவரும் அசடர் அல்லர். மூவரும் சேர்ந்த சபை மட்டும் பழக்கடையில் மூன்று ரூபாயைப் பறிகொடுத்தவன் நிலையில் நிற்கிறது.

இது வெறும் விடுகதை அன்று; இதில் அதிகாரம் அடங்கியிருக்கிறது. சபைத் தலைவர் முதலில் கிணற்றையும் பள்ளிக்கூடத்தையும் மோதவிட்டு, வென்றதைச் சாலையோடு மோதவிட்டால், முடிவு சாலை. முதலில் பள்ளிக்கூடத்தையும் சாலையையும் மோதவிட்டால், முடிவு கிணறு. முதலில் சாலையையும் கிணற்றையும் மோதவிட்டால், முடிவு பள்ளிக்கூடம். ஒருவர் வாக்கும் மாறவில்லை. ஒரு கையும் பொய்யாகத் தூக்கப்படவில்லை. கேள்விகளை எந்த வரிசையில் கேட்பது என்று தீர்மானித்தவரே ஊரின் விருப்பத்தையும் தீர்மானித்துவிட்டார். பெரும்பான்மை என்னும் பெயரால் ஆண்டது உண்மையில் நிகழ்ச்சி நிரலே.

பிரெஞ்சு அறிஞர் இருவர்

இந்தச் சுழலைக் கண்டு எழுதியவர் கொண்டோர்ஸே பிரபு. 1743-ல் பிறந்த அவர் பெரிய கணித நிபுணர். பாரிஸ் விஞ்ஞான அகாடமியின் நிரந்தரக் காரியதரிசியாக விளங்கியவர். பெரும்பான்மை வாக்கால் செய்யப்படும் தீர்மானங்களை நிகழ்தகவுக் கணிதத்தைக் கொண்டு ஆராயும் பெரிய நூலை அவர் 1785-ல் வெளியிட்டார். அடிமை வியாபாரத்தை எதிர்த்தவர் அவர். பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டும் என்று 1790-லேயே எழுதியவர். மனிதர் கூடிப் பகுத்தறிந்து பேசினால் உண்மை புலப்படும் என்ற நம்பிக்கையே அவருடைய வாழ்வுக்கு ஆதாரமாக இருந்தது. ஆனால் பிரெஞ்சுப் புரட்சியின் வேகத்தில், 1793 ஜூலையில் தேசிய சபை அவரைக் கைது செய்ய உத்தரவிட்டது. சில மாதங்கள் பாரிஸில் ஒளிந்திருந்து, மனித அறிவின் முன்னேற்றத்தைப் பற்றி நூல் எழுதினார். 1794 மார்ச்சில் பிடிபட்டு, சிறையில் அடைபட்ட இரண்டாம் நாளே உயிர் துறந்தார். பெரும்பான்மையின் குணத்தையும் குறையையும் கணக்கிட்டுச் சொன்னவர், பெரும்பான்மையின் பெயரால் வேட்டையாடப்பட்டு மாண்டது சரித்திரத்தின் கொடிய முரண்பாடுகளில் ஒன்று.

அதே அகாடமியில் போர்தா என்னும் மற்றோர் அறிஞர் இருந்தார். கடற்படை அதிகாரியாகவும் கணித வல்லுநராகவும் விளங்கிய அவர் வேறொரு முறையைச் சொன்னார். ஒவ்வொருவரும் தம் விருப்பங்களை வரிசையாக எழுதட்டும். மூன்றில் முதலாவதற்கு இரண்டு மதிப்பெண், இரண்டாவதற்கு ஒன்று, கடைசிக்குப் பூஜ்யம் என்று கொடுத்துக் கூட்டிப் பார்ப்போம் என்றார். பரீட்சைத் தாள் திருத்திப் பழகியவர்களுக்கு இந்த முறை உடனே பிடித்துப் போகும். அகாடமியும் தன் அங்கத்தினரைத் தேர்ந்தெடுக்கச் சில காலம் அதைக் கையாண்டது.

ஆனால் அதிலும் ஓட்டை உண்டு. ஐந்து பேர் இருக்கும் ஒரு சபையை நினைத்துக்கொள்ளுங்கள். மூவர் கிணறு, பள்ளிக்கூடம், சாலை என்று எழுதுகிறார்கள். இருவர் பள்ளிக்கூடம், சாலை, கிணறு என்று எழுதுகிறார்கள். கூட்டினால் கிணற்றுக்கு 6, பள்ளிக்கூடத்துக்கு 7, சாலைக்கு 2. ஆகவே பள்ளிக்கூடம் ஜயித்தது. இப்போது, 'சாலையை ஒருவருமே முதலில் வைக்கவில்லையே, அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவோம்' என்று எடுத்துவிட்டால், கிணற்றுக்கு மூன்று பேர், பள்ளிக்கூடத்துக்கு இரண்டு பேர், கிணறு ஜயித்துவிடுகிறது! ஜயிக்கப் போகாத ஒரு பொருள் பட்டியலில் இருப்பதா இல்லையா என்பதை வைத்து, ஜயிக்கும் பொருளே மாறிப் போகிறது. தந்திரசாலிகளுக்கு இது எத்தகைய வாய்ப்பு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இதை எடுத்துக் காட்டியவர்களிடம், 'என் முறை நேர்மையான மனிதர்களுக்காக ஏற்பட்டது' என்ற கருத்தில் போர்தா பதில் சொன்னதாகக் கூறுவார்கள்.

நம் தேசத்தில் நடந்த ஓர் எண்ணிக்கை

வாக்குகளை எண்ணும் விதத்துக்கு இவ்வளவு முக்கியத்துவம் உண்டா என்று ஐயுறுவோர் நம் நாட்டுச் சரித்திரத்தையே பார்க்கலாம். லோக்சபைத் தேர்தலில் நாம் ஒரு பெயருக்கு மட்டுமே வாக்களிக்கிறோம். மற்றவர்களைவிட அதிக வாக்குப் பெற்றவர் ஜயித்தவர் ஆகிறார். நூறு வாக்கில் ஒருவருக்கு 40, மற்றொருவருக்கு 35, மூன்றாமவருக்கு 25 என்றால், அறுபது பேருக்கு வேண்டாதவராக இருப்பினும் நாற்பது பெற்றவரே பிரதிநிதி. ஆனால் ராஷ்டிரபதியைத் தேர்ந்தெடுக்க நம் அரசியல் சட்டம் வேறு முறையை விதித்திருக்கிறது. வாக்களிக்கும் சட்டசபை, பார்லிமெண்டு அங்கத்தினர்கள் தம் முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம் என்று வரிசையிட்டுக் கொடுக்கலாம்.

ஜாகிர் ஹுசேன் காலமான பின் 1969 ஆகஸ்டில் நடந்த ராஷ்டிரபதி தேர்தலில், முதல் விருப்ப எண்ணிக்கையில் வி. வி. கிரிக்கு 4,01,515 வாக்கு மதிப்பும், நீலம் சஞ்சீவ ரெட்டிக்கு 3,13,548-ம், ஸி. டி. தேஷ்முக்குக்கு 1,12,769-ம் கிடைத்தன. பாதிக்கு மேல் ஒருவருக்கும் இல்லை. ஆகவே கடைசியில் இருந்தவர்களை ஒவ்வொருவராக நீக்கி, அவர்களுடைய சீட்டுகளில் கண்ட அடுத்த விருப்பங்களை மற்றவர்களுக்குச் சேர்த்தார்கள். அவற்றில் பெரும்பகுதி ரெட்டிக்கே போயிற்று. ஆயினும் முடிவில் கிரிக்கு 4,20,077, ரெட்டிக்கு 4,05,427 என நின்று, கிரி வெற்றி பெற்றார். முதல் எண்ணிக்கையில் சுமார் 88,000 ஆக இருந்த இடைவெளி, மக்களின் இரண்டாம் விருப்பத்தையும் கேட்டவுடன் 15,000-க்கும் கீழே சுருங்கிப் போனதைக் கவனியுங்கள். ஒரே தேசம், இரண்டு விதமான எண்ணிக்கை, இரண்டும் சட்டமே. எது சரியான முறை என்று கேட்டால், எதில் எந்தக் குறையைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது.

ஆரோவின் தேற்றம்

குறையே இல்லாத முறை ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டால் என்ன? நூற்று அறுபது வருஷங்களுக்கு மேல் பலர் மனத்தில் இருந்த ஆசை இது. கென்னத் ஆரோ என்னும் அமெரிக்கர் 1921-ல் நியூயார்க்கில் பிறந்தவர். 1948-ம் வருஷக் கோடையில் அவர் கலிபோர்னியாவில் ராண்ட் என்ற ஆராய்ச்சி ஸ்தாபனத்தில் வேலை செய்துகொண்டிருந்தார். தேசங்களுக்கிடையே நிகழும் போட்டியைச் சதுரங்க ஆட்டம்போல் கணிதத்தால் ஆராய்வது அங்கே நடந்த வேலைகளில் ஒன்று. ஓலாப் ஹெல்மர் என்னும் தத்துவ அறிஞர் ஒரு சந்தேகத்தைக் கிளப்பினார். 'ஆட்டக்காரன் என்றால் அவனுக்கு ஒரு விருப்பம் இருக்க வேண்டும். ஒரு தேசத்துக்கு விருப்பம் என்று ஒன்று உண்டா? தேசம் என்பது பல கோடி மனிதர்கள் ஆயிற்றே?' என்பது அவர் கேள்வியின் சாரம். பொருளாதார நிபுணர்கள் அதற்கு விடை கண்டாயிற்று என்று எண்ணிய ஆரோ, அதை எழுதிக் கொடுக்க உட்கார்ந்தார். எழுத எழுத, விடை கிடைக்காது என்பதுதான் விடையாக வந்து நின்றது! அந்த ஆராய்ச்சி 1951-ல் சிறு நூலாக வெளிவந்தது. கொலம்பியா சர்வகலாசாலையில் அவர் பெற்ற டாக்டர் பட்டத்துக்கும் அதுவே ஆதாரம்.

ஆரோ நான்கு எளிய நிபந்தனைகளை வைத்தார். 1963-ல் வந்த இரண்டாம் பதிப்பில் அவை இன்னும் திருத்தமாயின. ஒன்று: மக்கள் எந்த விதமான வரிசையையும் கொண்டிருக்கலாம்; எப்படி இருந்தாலும் சுழல் இல்லாத ஒரு பொது வரிசையை நமது முறை தர வேண்டும். இரண்டு: எல்லாரும் ஒருமுகமாக ஒன்றை மற்றொன்றைவிட மேலாகக் கருதினால், ஊரும் அப்படியே கருத வேண்டும். மூன்று: கிணறா, பள்ளிக்கூடமா என்ற வழக்கில், அந்த இரண்டைப் பற்றி மக்கள் நினைப்பதை மட்டுமே பார்க்க வேண்டும், சாலையைப் பற்றி அவர்கள் நினைப்பது குறுக்கிடலாகாது. நான்கு: மற்ற அனைவரும் என்ன நினைத்தாலும் சரி, ஒருவன் நினைத்ததே எப்போதும் நடக்கும் என்ற சர்வாதிகாரம் கூடாது.

இவற்றில் எதை நாம் மறுப்போம்? நான்கும் நியாயமாகவே தோன்றுகின்றன. ஆனால் தேர்வதற்குரிய பொருள்கள் மூன்று அல்லது அதற்கு மேல் இருக்குமானால், இந்த நான்கையும் ஒருங்கே நிறைவேற்றும் முறை எதுவும் இல்லை, இருக்கவும் முடியாது என்று ஆரோ நிரூபித்தார். யாரும் இதுவரை கண்டுபிடிக்கவில்லை என்பதன்று அதன் பொருள். முயன்றாலும் கண்டுபிடிக்க இயலாது என்பதே பொருள். பெரும்பான்மை முறை முதல் நிபந்தனையில் இடறுகிறது. போர்தாவின் மதிப்பெண் முறை மூன்றாவதில் இடறுகிறது. 1972-ல் பொருளாதாரத்துக்குரிய நோபெல் பரிசை ஆரோவும் ஆங்கிலேயரான ஜான் ஹிக்ஸும் பகிர்ந்து பெற்றனர். 2017-ல் ஆரோ காலமானார்.

இதைக் கேட்டவுடன், 'பார்த்தீர்களா, ஜனநாயகமே பொய். கெட்டிக்காரர் ஒருவர் கையில் ஆட்சியை ஒப்படைப்பதே மேல்' என்று சொல்லக் கிளம்புவோர் உண்டு. அவர்கள் தேற்றத்தைத் தலைகீழாகப் படிக்கிறார்கள். சர்வாதிகாரத்திலும் சுழல் இல்லை என்பது மெய்தான். ஆனால் மக்கள் விருப்பத்தைக் கேட்பதை நிறுத்திவிட்டதால் அல்லவா சுழல் நின்றது? நோயாளியின் வாயைக் கட்டிவிட்டு முனகல் நின்றுவிட்டது என்று மகிழ்வதற்கும் அதற்கும் வேறுபாடு இல்லை. தேற்றம் சொல்வது இவ்வளவே: எந்த முறைக்கும் ஒரு விலை உண்டு. ஆகையால் எண்ணிக்கையின் முடிவைத் தெய்வ வாக்காகக் கொள்ளாதீர்கள். எந்த விலையைக் கொடுக்கிறோம் என்று அறிந்து கொடுங்கள்.

ஊமைச் சீட்டு

சில வேளைகளில் சுழலே தோன்றாது. எவ்வளவு வரி விதிப்பது என்பதுபோல, குறைவிலிருந்து அதிகம் வரை ஒரே கோட்டில் அடங்கும் கேள்வியானால், நடுவில் நிற்பவர் விரும்பும் அளவே பெரும்பான்மையில் ஜயிக்கும் என்று டங்கன் பிளாக் என்னும் அறிஞர் 1948-ல் காட்டினார். மக்கள் பேசிப் பேசி, 'நம் கருத்து வேற்றுமை இந்த ஒரு விஷயத்தைப் பற்றியதுதான்' என்று தெளிந்தார்களானால், வாக்கெடுப்பும் தெளிவடைகிறது. ஆனால் எல்லாக் கேள்வியும் ஒரே கோட்டில் அடங்குவதில்லை.

இன்னும் ஆழமான பதிலைத் தந்தவர் அமர்த்தியா சென். 1933-ல் சாந்திநிகேதனத்தில் பிறந்த அவர், கல்கத்தா பிரஸிடென்ஸி கல்லூரியில் மாணவராக இருந்தபொழுது ஆரோவின் நூல் புதிதாக வெளிவந்திருந்தது. சுகமய் சக்ரவர்த்தி என்னும் சக மாணவர் அந்த நூலைப் பற்றி அவருக்குச் சொன்னார். பின்னாளில் சுகமய் சக்ரவர்த்தியும் புகழ்பெற்ற பொருளாதார அறிஞரானார். அன்று பற்றிய சிந்தனையின் பயனாக, டில்லி பொருளாதாரக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த காலத்தில், 1970-ல், சமூகத் தேர்வையும் சமூக நலத்தையும் பற்றிய நூலை சென் வெளியிட்டார். 1998-ல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது.

அவர் கேட்ட கேள்வி இது: ஆரோவின் முறைக்குள் நாம் என்ன தகவலைப் போடுகிறோம்? முதலாவது, இரண்டாவது, மூன்றாவது என்ற வரிசை மட்டுமே. ஒருவன் ஒன்றை ஏன் விரும்புகிறான், அது கிடைக்காவிட்டால் அவன் என்ன ஆவான் என்பவற்றை வாசலிலேயே நிறுத்திவிடுகிறோம். இதற்குக் காரணம் உண்டு. மக்களுடைய சுகத்தையெல்லாம் கூட்டிப் பார்த்து எது அதிகமோ அதைச் செய்க என்று பெந்தாம் சொல்லிவைத்தார். 'ஒருவன் சுகத்தையும் மற்றொருவன் சுகத்தையும் ஒப்பிட அளவுகோல் எங்கே? அது விஞ்ஞானம் அன்று' என்ற கருத்தை லண்டன் பேராசிரியர் லயோனல் ராபின்ஸ் 1932-ல் வற்புறுத்தினார். எஞ்சியது இத்தாலிய அறிஞர் பரேட்டோவின் அளவுகோல்: ஒருவருக்கும் தீங்கு இல்லாமல் வேறொருவருக்கு நன்மை செய்ய முடியுமானால் செய், முடியாவிட்டால், இருக்கும் நிலையே திறமான நிலை. கேட்க அழகாகவே இருக்கிறது. ஆனால் ஒருவன் களஞ்சியம் நிறைந்து வழிய, அயலான் பட்டினி கிடக்கும் ஊரும் இந்த அளவுகோலில் தேறிவிடும். களஞ்சியக்காரனுக்கு ஒரு படி குறையாமல் அயலானுக்குக் கொடுக்க வழியில்லையே!

நம் மூன்று தெருக்களிடம் திரும்புவோம். சீட்டுகள் ஊமையாக இருக்கும்வரை அந்த வழக்கு தீராது. ஆனால் சபையார் வாயைத் திறந்து விசாரித்தால் என்ன? வடக்குத் தெருவில் ஊற்று உப்பாகிவிட்டது. பெண்கள் விடியுமுன் எழுந்து இரண்டு மைல் நடந்து தண்ணீர் சுமக்கிறார்கள். கிழக்குத் தெருப் பிள்ளைகள் கூரைக்கடியில் படிக்கிறார்கள். மழை வந்தால் விடுமுறை. தெற்குத் தெருவாருக்குச் சாலை இருக்கிறது. அது மேடு பள்ளம். இப்போது கிணறுதான் முதலில் என்று சொல்ல நமக்கு மதிப்பெண் கணக்கு வேண்டுமா? ஒருவர் துன்பத்தையும் மற்றொருவர் துன்பத்தையும் மயிரிழை அளவுக்கு ஒப்பிட முடியாது என்பது உண்மை. தாகத்துக்கும் வண்டி குலுங்குவதற்கும் உள்ள வேறுபாட்டை அறிய மயிரிழை அளவுகோல் தேவையில்லை என்பதும் உண்மை. ஓரளவு ஒப்பிட்டாலே பல வழக்குகள் தீரும் என்பதுதான் சென் காட்டிய வழி.

விருப்பமும் பணப்பையும்

வாக்குச் சீட்டைப் போலவே கடைத்தெருவும் மக்கள் விருப்பத்தை அறியும் ஒரு கருவி என்பார்கள். அது கேட்பது வாயை அன்று, பணப்பையை. அரிசி வேண்டும் என்ற விருப்பம் கூலியாளுக்கு எத்தனை கடுமையாக இருந்தாலும், கையில் காசு இல்லையேல் கடைத்தெருவின் காதில் அது விழாது.

இதன் பயங்கரமான நிரூபணம் 1943-ல் வங்காளத்தில் நிகழ்ந்தது. அப்போது ஒன்பது வயதுச் சிறுவராயிருந்த சென் அதைக் கண்ணால் கண்டவர். பிற்காலத்தில் கணக்குகளைத் திரட்டி 1981-ல் அவர் எழுதிய நூலின்படி, அந்த வருஷத்து உணவுத் தானிய இருப்பு முந்தைய ஐந்து வருஷச் சராசரியைவிடச் சுமார் 5 சதவிகிதமே குறைவு. பஞ்சம் இல்லாத 1941-ஐவிட 13 சதவிகிதம் அதிகம். ஆனால் யுத்தச் செலவால் பணம் பெருகி, 1942 டிசம்பரில் கல்கத்தாவில் மணங்கு 13, 14 ரூபாய்க்கு விற்ற அரிசி, 1943 ஆகஸ்டில் 37 ரூபாய்க்கு ஏறியது. வயல் கூலிக்காரர், மீன் பிடிப்பவர், கைத்தொழிலாளர் ஆகியோரின் வருமானம் அவ்வாறு ஏறவில்லை. மாண்டவர்கள் 15 லட்சம் என்று சர்க்கார் நியமித்த விசாரணைக் கமிஷன் மதிப்பிட்டது. சென் மதிப்பீட்டில் அது 30 லட்சத்தை ஒட்டியது. அவர்களுடைய விருப்பம் எந்த வரிசையிலும் எழுதப்படவில்லை; எந்தச் சபையிலும் எண்ணப்படவில்லை.

அன்னிய ஆட்சி அவர்களிடம் வாக்குக் கேட்டு நிற்க வேண்டிய நிலையில் இல்லை. பத்திரிகைகளுக்குத் தணிக்கை இருந்தது. 1943 ஆகஸ்டில் கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையின் ஆங்கில ஆசிரியரான அயன் ஸ்டீபன்ஸ், தெருவில் மடிந்து கிடந்தவர்களின் புகைப்படங்களைத் துணிந்து வெளியிட்டார். மறைத்து வைத்த துன்பம் அப்பொழுதுதான் லண்டன்வரை தெரிந்தது. தேர்தலும் பத்திரிகைச் சுதந்திரமும் மெய்யாக நடைபெறும் தேசத்தில் பெரும் பஞ்சம் ஏற்பட்டதில்லை என்று சென் பிற்காலத்தில் எழுதியதற்கு இந்த அனுபவமே அடிப்படை. அத்துடன் அவர் நிறுத்தவில்லை. சுதந்திர இந்தியா பஞ்சத்தைத் தடுத்ததே ஒழிய, நாள்தோறும் சத்துணவின்றி மெலியும் குழந்தைகளின் துன்பத்தை அதேபோலத் தடுக்கவில்லை என்பதையும் அவர் சுட்டிக் காட்டியிருக்கிறார். பஞ்சம் புகைப்படத்தில் தெரியும், மெலிவு தெரிவதில்லை. கண்ணுக்குத் தெரியாததை எந்த வாக்கெடுப்பும் தானாக எண்ணிவிடாது.

நாம் செய்யத் தக்கது

கொண்டோர்ஸே முதல் சென் வரை நடந்த இந்த நெடிய விவாதம் நமக்குச் சொல்லும் பாடம் சிக்கலானது அன்று. விருப்பங்களை எண்ணுவது அவசியம். எண்ணுவது மட்டும் போதாது. ஊர்ச் சபையானாலும், சங்கமானாலும், தேசமானாலும், முடிவை அறிவிக்கும்பொழுது நாம் கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு. கேள்விகளின் வரிசையை நிர்ணயித்தவர் யார்? பட்டியலில் ஒரு பொருள் ஏன் சேர்ந்தது, மற்றொன்று ஏன் விடுபட்டது? தோற்றவர்கள் இழப்பது வசதியையா, வாழ்வையா? வாய் திறக்க முடியாதவர்கள் யார்?

இந்தக் கேள்விகளைக் கேட்க ஆரோவின் கணிதம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. வாக்கெடுப்புக்கு முன் ஒரு நாழிகை பொறுத்து, ஒருவர் சொல்வதை மற்றொருவர் காது கொடுத்துக் கேட்டால் போதும். குறையற்ற முறை ஒன்று கிடைக்காது என்று தேற்றம் சொல்லிவிட்டபடியால், அந்தக் குறையை நிரப்பும் வேலை மனிதர்களாகிய நம்மிடமே இருக்கிறது. வடக்குத் தெருவில் தண்ணீர் உப்பு என்பதை எந்தச் சீட்டும் சொல்லாது. தெற்குத் தெருக்காரர் ஒருவர் போய்க் குடித்துப் பார்த்து வந்துதான் சொல்ல வேண்டும்.